கோழிக்கு வீடு கட்டத் தெரியுமா?

சென்னை பேசின் பிரிட்ஜ் பக்கத்துச் சந்துகளில் திரியும் நாட்டுக்கோழியைப் பார்த்திருப்பீர்கள். பகலெல்லாம் மேய்ச்சல், ராத்திரி கவிழ்த்த கூடைக்குள் தூக்கம். அது வருஷத்துக்கு 60, 80 முட்டை போடும். கடையில் அட்டை அட்டையாக அடுக்கியிருக்கும் வெள்ளை முட்டைகளோ பெரும்பாலும் நாமக்கல்லிலிருந்து லாரியில் வருபவை. அங்கே முட்டைக்காகவே வளர்க்கப்படும் ஒரு லேயர் கோழி வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் போடும். இனம் வேறு என்பது முதல் காரணம். வீடு வேறு என்பது அடுத்த காரணம்.

வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது வெளிச்சம். அது கோழியின் கண்ணுக்குள் மட்டும் போவதில்லை. மண்டையோட்டையும் ஊடுருவி மூளையைத் தொடும். பகல் நீண்டால், 'முட்டையிடும் காலம் வந்துவிட்டது' என்று மூளை சுரப்பிகளை முடுக்கிவிடும். டிசம்பரில் சென்னையில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம்தான். பண்ணையில் பல்பு போட்டு அதை 16 மணி நேரமாக்குகிறார்கள்.

அடுத்தது வெயில். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். அப்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அந்த வாயுவிலிருந்துதான் கார்பனேட் உருவாகும்; அது குறைந்தால் ஓடு மெலியும். அதனால்தான் கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீளவாக்கில் கட்டி, பக்கவாட்டில் வலை மட்டும் அடிக்கிறார்கள். வெயில் நேராக விழாது, காற்று தாராளமாக வரும்.

நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை போட்டதும் அடைக்கு உட்காரும். 21 நாள் அடை, பிறகு குஞ்சு வளர்ப்பு. அதெல்லாம் முடியும்வரை முட்டை கிடையாது. பண்ணைக் கூண்டின் தரையோ சரிவாக இருக்கும்; முட்டை உருண்டு வெளியே வந்துவிடும், அடைகாக்க எதுவும் மிஞ்சாது. எச்சமும் கீழே விழுந்துவிடுவதால் குடற்புழுத் தொல்லை குறைவு.

ஆனால், அந்தக் கூண்டில் பல இடங்களில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஏ4 தாளைவிடச் சிறியது. சிறகடிக்க முடியாது, மண்ணில் புரள முடியாது. நடமாட்டம் இல்லாமல் எலும்பும் பலவீனமாகும். இத்தகைய வெறுங்கூண்டுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் தடை உள்ளது. தரையில் உமி பரப்பி வளர்க்கும் ஆழ்கூள முறையில் கோழி கிளறி விளையாடலாம். ஆனால் முட்டை அழுக்காகும், நோயும் எளிதில் பரவும்.

ஆக, நிறைய முட்டை கிடைக்கிறது என்பதாலேயே அது நல்ல வீடு ஆகிவிடாது. இதையெல்லாம் படிக்க ஆசையா? 1903-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே வேப்பேரியில் இருக்கிறது. முட்டையும் குறையாத, கோழியும் சிறகடிக்கிற ஒரு வீட்டை இப்போதே வரைந்து பாருங்கள்!