அக்கியும் கண்ணும்

புதுக்கோட்டை வட்டாரத்து ஊர்களில் ஐயனார் கோயிலுக்கு மண்குதிரை செய்து தரும் வேளார்களிடம் மக்கள் வேறொரு காரியத்துக்காகவும் செல்வதுண்டு. உடம்பில் அக்கி கண்டால், அவர்கள் செங்காவியைக் குழைத்துக் கொப்புளங்களின்மேல் பூசுவர். சிங்கத்தின் உருவை எழுதுவதும் உண்டு. இதற்கு 'அக்கி எழுதுதல்' என்று பெயர். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து எழுதினால் அக்கி இறங்கும் என்பது நம்பிக்கை. நானும் இந்த மாவட்டத்தவன். அந்தக் காவியின் குளிர்ச்சியை அறிந்தவன். இடுப்பிலோ முதுகிலோ எழும் அக்கி பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடும். ஆகவே எழுதியவருக்குப் புகழ் சேர்கிறது. அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் அக்கி நெற்றியிலும் இமையிலும் எழுமானால், அந்த மூன்று நாட்களைக் காவிக்குக் கொடுத்துவிடலாகாது.

ஏன் என்று கேட்பீர்கள். இளமையில் சின்னம்மை வந்து போகிறதல்லவா? அம்மை இறங்கினாலும் அதனை உண்டாக்கிய வைரஸ் உடலை விட்டு நீங்குவதில்லை. நரம்புகளின் வேர்முடிச்சுக்களில் புகுந்து ஆண்டுக் கணக்கில் உறங்கிக் கிடக்கிறது. உடலின் எதிர்ப்பாற்றல் என்னும் காவல் தளரும்போது அது விழித்து, தான் உறங்கிய நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அக்கி உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எழுவதற்குக் காரணம் இதுவே. நெற்றிக்குச் செல்லும் நரம்பின் ஒரு சிறுகிளை கண்ணுக்குள்ளும் மூக்கின் நுனிக்கும் செல்கிறது. ஆதலால் மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் கண்டால் கண்ணுக்கும் ஆபத்து நெருங்கிவிட்டது என்று கொள்ளவேண்டும். இந்த அடையாளத்தை 19 ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக் காட்டியவர் ஹட்சின்சன் என்னும் ஆங்கில மருத்துவர். அசைக்ளோவிர் போன்ற மருந்துகளைக் கொப்புளம் எழுந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பயன் மிகுதி. காவி எழுதும் காலமும் அதே மூன்று நாட்கள்தாம் என்பதை நோக்குங்கள்.

காவல் தளர்வது யாருக்கு? முதியோருக்கு, புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோருக்கு, மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டோருக்கு, ஸ்டீராய்டு மருந்தை நெடுங்காலம் உட்கொள்வோருக்கு, எச்.ஐ.வி. உள்ளோருக்கு. இளவயதினர் ஒருவருக்கு அக்கி கண்டால் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்து பார்ப்பது மருத்துவர் வழக்கம்.

1986 ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வினால்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. அந்நோய் முற்றியவர்களின் கண்ணைத் தாக்கும் வேறொரு வைரஸ் உண்டு. அதன் பெயர் சைட்டோமெகலோ வைரஸ். நம் நாட்டில் பெரும்பாலோர் உடலில் அது சிறுவயதிலேயே குடியேறிவிடுகிறது. காவல் உள்ளவரை ஒரு தீங்கும் செய்வதில்லை. இரத்தத்திலுள்ள சி.டி.4 என்னும் காவல் அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 500க்குக் குறையாமல் இருக்க வேண்டியவை, 50க்கும் கீழே இறங்கிய நிலையில் அது விழித்திரையைத் தின்னத் தொடங்குகிறது.

என்னை அஞ்சவைப்பது அதன் அமைதியே. அக்கியாவது எரிந்து வலித்து ஆளை மருத்துவரிடம் துரத்துகிறது. இதிலோ வலி இல்லை. பெரும்பாலும் கண் சிவப்பதும் இல்லை. பார்வையில் கொசு பறப்பதுபோல் சில புள்ளிகள் மிதக்கும். அல்லது ஒரு மூலையில் திரை விழுந்தாற்போல் இருக்கும். "கண் வலிக்கவில்லையே" என்று காத்திருப்பவர், காத்திருந்த அளவுக்குப் பார்வையை இழக்கிறார். வெந்துபோன விழித்திரை மீண்டும் தளிர்ப்பதில்லை. எஞ்சியதைக் காப்பதே மருத்துவம். கான்சைக்ளோவிர் என்னும் மருந்தை இரத்தக்குழாய் வழியாகவோ கண்ணுக்குள்ளேயோ ஏற்றுவர். அதனோடு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தும் வேண்டும். அம்மருந்தை அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 அன்று. முதலில் வழங்கிய இடங்களுள் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. கூட்டு மருந்து பரவிய பின் இக்கண்நோய் பெரிதும் குறைந்தது. ஆயினும் மருந்தை நடுவில் நிறுத்துவோரிடமும், நோயைக் காலங்கடந்து அறிவோரிடமும் அது இன்றும் காணப்படுகிறது.

கண்மணியை விரியச் செய்து விழித்திரையைப் பார்க்கும் சோதனை சிறிது நேரத்தில் முடிவது. புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி 2017 இல் வந்துவிட்டது. மணமேல்குடியிலிருந்தும் விராலிமலையிலிருந்தும் பேருந்தேறி வரும் தொலைவுதான். வருகிறவர் தாம் உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டையும் உடன் கொண்டுவர வேண்டும். மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டுமருந்தை விட்டுக்கொள்ளலாகாது. வைரஸ் புண்ணின்மேல் அது விழுந்தால் புண் பரவும். எப்போது விடலாம் என்பதை மருத்துவரே அறிவார்.

அக்கியைத் தடுக்கும் ஊசியும் 2023 முதல் இந்தியாவில் 50 வயதைக் கடந்தோருக்குக் கிடைக்கிறது. உயிருள்ள வைரஸ் அதில் இல்லாமையால் எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கும் ஏற்றது; இரண்டு தவணையாகப் போடவேண்டும். விலைதான் எங்கள் ஊர்க் குடியானவர் கைக்கு இன்னும் எட்டவில்லை.