மூலக்கூறை நிறுக்கும் தராசு

இயற்கை மஞ்சள் வாங்க வரும் ஏற்றுமதிக்காரர்கள் ஆய்வக அறிக்கை கேட்கிறார்கள். அதில் 'எல்சி-எம்எஸ்/எம்எஸ்' என்று ஒரு வரி இருக்கும். பணம் கட்டுவது நாம். அது என்னன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?

எம்எஸ் என்றால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். மூலக்கூறை நிறுக்கும் தராசு. மூலக்கூறுக்கு மின்னேற்றம் கொடுத்து, வெற்றிடத்தில் மின்புலத்துக்குள் ஓடவிடுகிறார்கள். எடைக்குத் தக்கபடி ஓட்டம் மாறும். அதை வைத்து எடை கிடைக்கும். புரதம் போன்ற பெரிய உயிர் மூலக்கூறுகளைச் சிதைக்காமல் நிறுக்க வழி கண்ட ஜான் ஃபென், கொய்ச்சி தனகா இருவருக்கும் 2002 வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

எடை மட்டும் போதாது. வங்கியில் கணக்கு எண் சரியாக இருந்தாலும் கையெழுத்தைப் பார்க்காமல் காசோலைக்குப் பணம் தரமாட்டோம். இங்கே கையெழுத்து என்பது துண்டுகள். மூலக்கூறை வாயுவில் மோதவிட்டு உடைத்து, துண்டுகளையும் நிறுக்கிறார்கள்.

மஞ்சளையே பாருங்கள். அதற்கு நிறம் தரும் குர்குமின் குடும்பத்தில் முக்கியமானவர்கள் மூன்று பேர். கருவியில் எடை 369, 339, 309. உடைத்தால் 369 தரும் முக்கியத் துண்டு 177. 309 தருவது 147. நடுவில் இருக்கும் 339 இரண்டையும் தருகிறது. எங்கே கழித்தாலும் வித்தியாசம் 30. ஏன்? இந்த மூலக்கூறுக்கு இரண்டு கை. மூத்தவருக்கு இரு கையிலும் மெத்தாக்ஸி என்ற தொகுதி உண்டு. நடுவருக்கு ஒரு கையில் மட்டும். இளையவருக்கு இல்லவே இல்லை. மெத்தாக்ஸி போய் அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்தால் 30 குறையும். கண்ணுக்குத் தெரியாத பொருளின் அமைப்பு, வெறும் கழித்தல் கணக்கில் பிடிபடுகிறது!

பூச்சிமருந்து எச்சத்தையும் இப்படித்தான் பிடிக்கிறார்கள். கார்பன்டாசிம் பூஞ்சாணக்கொல்லி 192-ல் தெரியும்; உடைத்தால் 160, 132. எடையும் துண்டுகளும் பொருந்தினால்தான் ஆள் அவர்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி வரம்பு சொல்லப்படாத மருந்துகளுக்குப் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது 100 டன்னில் ஒரு கிராம். பத்துக் கோடி ரூபாயில் ஒரு ரூபாய். நாம் தெளிக்காவிட்டாலும், பக்கத்து வயலில் அடித்தது காற்றில் வந்தால் மாட்டிக்கொள்ளலாம். வரப்போரம் உயிர்வேலி எதற்கு என்று இப்போது புரியும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தச் சோதனையில் பட்டியலில் உள்ளதை மட்டுமே தேடுவார்கள். கிளைபோசேட், மாங்கோசெப் போன்றவை வழக்கமான பல மருந்துச் சோதனையில் சிக்காது. அவற்றுக்குத் தனி முறை வேண்டும். எனவே 'கண்டறியப்படவில்லை' என்றால் 'தேடியவற்றில், அளக்க முடிந்த அளவுக்கு, இல்லை' என்றுதான் பொருள்.

ஆகவே மாதிரி கொடுக்கும் முன் ஆய்வகத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. எந்தெந்த மருந்துகளைத் தேடுவீர்கள்?
2. எவ்வளவு குறைந்த அளவு வரை அளப்பீர்கள்?
3. களைக்கொல்லிக்குத் தனிச் சோதனை உண்டா?

மாதிரியைப் பல மூட்டைகளிலிருந்து எடுத்துக் கலந்து கொடுங்கள். ஒரே மூட்டையில் கை விட்டு அள்ளியதை எவ்வளவு நல்ல கருவியில் நிறுத்தாலும், அது அந்த ஒரு மூட்டையின் கதையைத்தான் சொல்லும்.