‘இத்தனை வருஷம் கழித்து இப்போது ஏன் சொல்கிறாய்?’

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிவிட்டார்கள். சுவா சூ காங் வீவக வீட்டில் அண்ணன், அக்கா, தம்பி மூவர் மட்டும். நாற்பது வயதை நெருங்கும் அக்கா, சிறு வயதில் சித்தப்பா தன்னிடம் முறைகேடாக நடந்துகொண்டதை முதன்முறையாகச் சொல்கிறார். அப்பாவுக்குத் தெரியுமாம். ‘வெளியே சொல்லாதே’ என்றாராம். இப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அண்ணனின் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் தலைப்பில் உள்ளதுதான்.

அதில் கோபத்தைவிடக் குற்ற உணர்வே அதிகம். ‘நானும் அதே வீட்டில்தானே இருந்தேன், எனக்கு ஏன் தெரியவில்லை?’ என்று தன்னையே கேட்க வேண்டியதை அவர் தங்கையிடம் கேட்கிறார். ஒரே கூரையின் கீழ் வளர்ந்தாலும் மூவரின் பிள்ளைப் பருவம் ஒன்றல்ல. அண்ணனுக்குச் சித்தப்பா சைக்கிள் வாங்கித் தந்தவர். அக்காவுக்கு அவர் யார் என்பது வேறு கதை.

சொல்லாமல் இருப்பது அபூர்வமும் அல்ல. இந்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்தார்கள். ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாக 53.22 விழுக்காட்டினர் கூறினர். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

சென்னையில் வளர்ந்து கனடாவில் குடியேறிய உயிரியலாளர் பூர்ணிமா கோவிந்தராஜுலு, சிறு வயதில் உறவினர் ஒருவரால் நேர்ந்த கொடுமையைப் பல பத்தாண்டுகள் கழித்துப் புகார் செய்ய முயன்றார். காலம் கடந்துவிட்டது என்ற சுவரில் முட்டிக்கொண்டார். ஆனால் விடவில்லை. பொதுமக்களிடம் கையெழுத்துத் திரட்டினார். 2018இல் அப்போதைய அமைச்சர் மேனகா காந்தியைச் சந்தித்தார். அதே ஆண்டு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் புகார் செய்யக் காலவரம்பு கிடையாது என்று இந்தியச் சட்ட அமைச்சு தெளிவுபடுத்தியது.

சிங்கப்பூரில் குற்றவியல் வழக்குக்குக் காலவரம்பு இல்லை. சின் சுவீ ரோட்டு வழக்கு நினைவிருக்கலாம். 2014இல் இறந்த இரண்டு வயதுப் பிள்ளையின் எச்சங்கள் 2019இல்தான் வீட்டுப் பானையொன்றில் கிடைத்தன. பெற்றோரே மறைத்துவைத்திருந்தனர். 2023இல் தந்தைக்கு 21½ ஆண்டுச் சிறையும் 18 பிரம்படிகளும் விதிக்கப்பட்டன.

‘பேப்பரில் பெயர் வந்துவிடுமே’ என்பது நம் குடும்பங்களின் பெரிய பயம். பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. குற்றவாளியின் பெயர் அவரைக் காட்டிக்கொடுக்கும் என்றால் அதுவும் வெளிவராது.

ஆதாரம்? இத்தனை ஆண்டுக்குப் பின் மருத்துவச் சான்று இருக்கப்போவதில்லை. உடன்பிறந்தவர்களின் நினைவுக்கு அங்கேதான் மதிப்பு. சித்தப்பா எந்த ஆண்டு வீட்டில் தங்கியிருந்தார், யார் எந்த அறையில் படுத்தார்கள், அக்கா எப்போதிலிருந்து அவர் இருக்கும் பக்கமே போகாமல் இருந்தார்? அண்ணனும் தம்பியும் சாதாரணமாக நினைத்தவை அக்காவின் வாக்குமூலத்துக்குத் துணை நிற்கலாம். ஆனால் மூவரும் கூடி உட்கார்ந்து கதையைக் கோத்துவிடக் கூடாது. பேசிவைத்துச் சொல்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வார். அவரவர் நினைவை அவரவர் தனியாக எழுதிவைப்பதே நல்லது.

புகார் செய்வதா வேண்டாமா என்பது அக்காவின் முடிவு. ‘குடும்ப மானம்’ என்று தடுப்பது எவ்வளவு தவறோ, தம்பி ஆவேசப்பட்டு அவர் கையைப் பிடித்து இழுத்துப் போவதும் அவ்வளவு தவறு. ஆனால் ஒரு விஷயம் காத்திருக்க முடியாது. சித்தப்பா இன்றும் தீபாவளிக்கு வருகிறார்; அண்ணனின் ஏழு வயது மகள் அவர் மடியில் உட்காருகிறாள்.

சுவா சூ காங் அக்கம்பக்கப் போலிஸ் நிலையம் உட்பட எந்த நிலையத்திலும் புகார் செய்யலாம். அதற்கு முன் யாரிடமாவது பேச நினைப்போருக்கு, 2021இல் தொடங்கிய தேசிய வன்முறை எதிர்ப்பு உதவி எண் 1800-777-0000 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. அண்ணனும் அழைக்கலாம்.