நாளெ பன்னி!

சென்ற மாதம் நண்பர்கள் சிலருடன் பேசிக்கொண்டிருந்தபோது, "கம்ப்யூட்டர் கடையில் நீங்கள் பட்ட பாட்டை நம் மலரில் எழுதக்கூடாதா? நாலு பேருக்கு உபயோகமாக இருக்குமே" என்று ஒருவர் கேட்டார். எழுத்து எனக்குப் பழக்கமில்லாத வேலை. டிப்ளமா படித்துவிட்டு, 1983 முதல் 2020 வரை ரயில்வேயில் சிக்னல் பிரிவில் காலம் தள்ளியவன். என் கை எழுதியதெல்லாம் பதிவேடும் ரிப்போர்ட்டும்தான். நடை அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

தலைப்பைப் பார்த்து யாரும் கோபப்பட வேண்டாம். பங்காருப்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு அலுவலகத்து குமாஸ்தா என்னைப் பார்த்து "நாளெ பன்னி" என்றார். ஊருக்குப் புதியவனைப் பன்றி என்கிறாரே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. உடனிருந்த கோலார் தங்கவயல் நண்பர்தான் சிரித்துக்கொண்டே, "யோவ், 'நாளைக்கு வாங்க'ன்னு மரியாதையா சொல்றாருய்யா" என்று விளக்கினார். 1990-களில் பெங்களூர்ப் பக்கத்தில் பல வீடுகளின் கதவிலும் சுவரிலும் "நாளெ பா" என்று எழுதி வைத்திருந்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இரவில் கதவைத் தட்டும் பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். மறுநாள் வந்தாலும் அதே எழுத்து. 2022-இல் நானே அந்தப் பேயாக அலைவேன் என்று நினைக்கவில்லை.

அந்த ஆண்டு என் மகள் வயிற்றுப் பேத்தி பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தாள். தாத்தாவைப் போல டிப்ளமா. எனக்கிருந்த பெருமையில், லேப்டாப் என் செலவு என்று சொல்லிவிட்டேன். ஆகஸ்ட் மாதம் எஸ்.பி. ரோடு போனோம். சதர் பத்ரப்பா ரோடு என்ற முழுப்பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரரே யோசிப்பார், எஸ்.பி. ரோடு என்றால் பெங்களூரில் கம்ப்யூட்டர் சாமான் வாங்குகிற அத்தனை பேருக்கும் தெரியும். பத்தடி அகலக் கடைகள், மாடிப்படிக்கடியில் கூட ஒரு கடை. நல்லவர்கள் நிறைய உண்டு. நான் நுழைந்த கடையின் பெயர் இங்கே வேண்டாம்.

விலை 47,500 ரூபாய் என்றார்கள். "பில் வேண்டாமென்றால் நாலாயிரம் குறைத்துக்கொள்ளலாம்" என்றார் முதலாளி. என் மனைவி என் கையை லேசாக இடித்தாள். நாலாயிரம் என்பது சின்னத் தொகையா? ஆனால் ரசீது இல்லாமல் ஒரு போல்ட் கூட வாங்கிப் பழகாத கை. பில் போடச் சொன்னேன், சீரியல் நம்பரோடு. கடைப் பையன் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து டைப் செய்தான். பெட்டியின் சீல் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. கேட்டதற்கு, "விண்டோஸ் போட்டு செக் பண்ணோம் அங்கிள்" என்றான். சரி என்று விட்டுவிட்டேன். நான் கோட்டை விட்ட இடம் அதுதான்.

ஐந்தாம் நாள் திரை இருண்டது. அணைத்துப் போட்டால் இருபது நிமிடம் ஓடும், மறுபடி இருளும். கடைக்குப் போனேன். "ஓனர் இல்லா, நாளெ பன்னி." மறுநாள் ஓனர் இருந்தார், "விற்றதோடு எங்கள் வேலை முடிந்தது, கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்" என்றார். அவருக்குப் பின்னால் சுவரில், விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்த அட்டை. சர்வீஸ் சென்டரில் ஒரு பெண் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இந்த மிஷினுக்கு வாரண்டி 2021 நவம்பரிலேயே ஆரம்பித்துவிட்டதே, பிப்ரவரியில் ஒரு முறை டிஸ்ப்ளே கோளாறுக்கு வந்தும் இருக்கிறது" என்றாள். நான் வாங்கியது ஆகஸ்டில்!

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். லேப்டாப்பின் அடியில் பொறித்திருந்த எண் ஒன்று, பெட்டியிலும் பில்லிலும் இருந்த எண் வேறொன்று. யாரோ திருப்பிக் கொடுத்த பழுதான இயந்திரத்தைப் புதுப் பெட்டியில் வைத்து விற்றிருக்கிறார்கள். சிக்னல் பிரிவில் ஒரு ரிலேயைக் கழற்றி வேறு மாட்டினால், பழைய எண், புதிய எண் இரண்டையும் பதிவேட்டில் ஏற்றாமல் வீட்டுக்குப் போக முடியாது. அப்படி இருந்தவன், வாங்கும்போது பெட்டியையும் பொருளையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

கடையில் இதைக் காட்டியபோது முதலாளி சொன்ன வார்த்தைதான் இன்றும் உறுத்துகிறது. "நீங்களே மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம் அல்லவா?" நாலு பேர் நடுவில். முப்பத்தேழு வருட சர்வீஸில் ஒரு மெமோ வாங்காதவன் நான்.

வீட்டில் எல்லோரும் ஒரே குரலில், "விட்டுத் தள்ளுங்கள், வெளியூரில் வந்து பிழைக்கிறோம், நமக்கு ஏன் வம்பு" என்றார்கள். தமிழன் என்று தெரிந்துதான் ஏமாற்றிவிட்டான் என்றார் சம்பந்தி. நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதே கடையில் என்னோடு பெஞ்சில் காத்திருந்தவர், பசவனகுடிக்காரர், பரம்பரைக் கன்னடர், வாங்கிய பிரிண்டருக்காக ஏழாவது நடை வந்திருந்தார். அவருக்கும் "நாளெ பன்னி"தான். பாஷை காரணமில்லை, கேட்க ஆளில்லை என்ற தைரியம்தான் காரணம் என்று அப்போது தெளிந்தது.

இனி நான் தெரிந்துகொண்ட சட்டத்தைச் சொல்கிறேன். நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986-இல் வந்தது. அதற்குப் பதிலாக 2019-இல் இயற்றிய புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் இந்தச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக முறை என்றே வகுக்கப்பட்டுள்ளன. பில்லில் கெடு எதுவும் எழுதவில்லையென்றால், முப்பது நாள் என்று சட்டமே கெடு வைக்கிறது. ஆக, அந்தச் சுவர் அட்டை பழுதான சரக்குக்குச் செல்லாது. வாங்கிய பிறகு மனம் மாறியவருக்கு வேண்டுமானால் அதைக் காட்டலாம்.

நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. பழைய சட்டப்படி, எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ, பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். இப்போது புகார் செய்பவர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பொருளுக்குப் பெங்களூரிலேயே புகார் கொடுக்கலாம் என்று பொருள். ரயில் டிக்கெட் மிச்சம். (ரயில்வேக்காரன் இதைச் சொல்லக்கூடாதுதான்!)

கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நாமே பேசலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். மிஞ்சிப்போனால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள் கூட நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. வழக்கை மூன்று மாதத்தில், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது விதி. விதி என்றுதான் சொன்னேன். டைம் டேபிளுக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு எனக்குத் தெரியும்.

வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று ஒரு பிரிவு உண்டு. வீட்டிலிருந்தே டைப்பிங், டிசைன் என்று கம்ப்யூட்டரில் சம்பாதிக்கும் நம் பிள்ளைகள் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் வாங்கிய ஒரு இயந்திரம் சம்பந்தமான வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை அலசியது. பெரிய தொழிலுக்கு வாங்கிய இயந்திரம் என்பதால் வாங்கியவர் அங்கே தோற்றார். ஆனால் தன் பிழைப்புக்காக, தானே உழைக்கும் சுயதொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரே என்பது அதே தீர்ப்பில் விளக்கமாக இருக்கிறது. அதில் டைப்ரைட்டரை உதாரணம் காட்டியிருக்கிறார்கள். டைப்ரைட்டருக்குச் சொன்னது கம்ப்யூட்டருக்கும் பொருந்துமல்லவா?

என் கதைக்கு வருகிறேன். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். தமிழிலேயே பேசலாம், புகாருக்கு ஒரு எண் தருவார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் அல்ல, கம்பெனிக்குத் தகவல் அனுப்பிப் பதில் கேட்பவர்கள். கடைக்காரர் அசையவில்லை. ஆனால் பெட்டியின் மேல் இன்னொரு உதவி இருந்தது. பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, புகாருக்கான தொடர்பு எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். அந்த முகவரிக்கு, இரண்டு எண்களையும் குறிப்பிட்டு, சர்வீஸ் சென்டர் சீட்டின் நகலோடு எழுதினேன். பன்னிரண்டாம் நாள் இ-மெயிலில் பதில் வந்தது. என்னிடம் இருக்கும் இயந்திரம் 2021 அக்டோபரில் விநியோகஸ்தர் மூலம் அதே கடைக்கு அனுப்பப்பட்டதுதானாம்! நான் மாற்றிக்கொண்டு வந்தேனா, அவர் மாற்றி விற்றாரா என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். ஒரே பக்கம். வாங்கிய தேதி, விலை, இரண்டு எண்கள், கடைக்கு நடந்த ஐந்து தேதிகள், புது இயந்திரம் அல்லது முழுப் பணம், பதினைந்து நாள் கெடு. கோபத்தைக் கொட்டி முதலில் நாலு பக்கம் எழுதியதைப் பேத்தி படித்துவிட்டு, "தாத்தா, இதுல சீரியல் நம்பரையே காணோமே" என்றாள். கிழித்துப் போட்டேன். தபாலைக் கடையில் வாங்கிக்கொண்டார்கள், பதில் இல்லை. நவம்பரில் 'இ-தாக்கில்' என்ற அரசு இணையவழியில் புகாரைப் பதிவு செய்தேன். (2025 ஜனவரி முதல் அது 'இ-ஜாக்ருதி' என்ற புதிய தளத்தில் இணைந்துவிட்டது.) ஸ்கேன் செய்து ஏற்றியதெல்லாம் பேத்திதான்; அதுவும் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில். அந்த நாலு மாதமும் அவள் ப்ரோகிராமை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டார் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு போய் டைப் செய்துவிட்டு வந்தாள். ஒரு நாளும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

2023 பிப்ரவரியில் முதல் விசாரணைத் தேதிக்கு மூன்று நாள் முன்பு கடைக்காரரே போன் செய்தார். குரலில் தேன். புது இயந்திரமும், என் செலவுக்கு மூவாயிரம் ரூபாயும் தருவதாகச் சொன்னார். நஷ்ட ஈட்டுக்கு நின்று போராடியிருக்கலாம் என்பார் சிலர். பிள்ளைக்கு அடுத்த செமஸ்டர் தொடங்கிவிட்டது. எழுத்தில் வாங்கிக்கொண்டு, சமரசத்தை ஆணையத்தில் பதிவு செய்து முடித்தேன்.

இப்போது வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பெட்டி, பொருள், பில் மூன்றிலும் எண் ஒன்றா என்று பாருங்கள். அந்த எண்ணைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டால் வாரண்டி எப்போது தொடங்கியது என்று செல்போனிலேயே தெரியும். இரண்டு நிமிட வேலை. சார்ஜரிலும் லேப்டாப்பிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

புது லேப்டாப்பை வாங்கப் போன அன்று முதலாளி முகம் கொடுக்கவில்லை. பழைய பையன்தான் பெட்டியைத் திறந்தான். ஆறு மாதமாக என்னிடம் கன்னடத்தைத் தவிர பெரிதாக எதுவும் பேசாதவன், குரலைத் தாழ்த்தி, "எனக்கு கிருஷ்ணகிரி பக்கம் சார். அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன், வேலை போயிடும்னு பயந்துட்டேன்" என்றான். பிறகு லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்த எண்ணை ஒவ்வொன்றாகத் தமிழில் சத்தமாகப் படித்தான். நான் பில்லில் விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன்.