மாமனார் விட்டுப்போன கார்: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?



மாமனார் இறந்த பிறகு 2004-ல் வாங்கிய மாருதி 800 கார் ஓர் உறுப்பினர் வீட்டுக்கு வந்திருக்கு. "இது பெட்ரோலைக் குடிக்குதும்மா, மைலேஜ் தர்ற வண்டியா மாத்தினா மிச்சமாகும்" என்று மகன் சொல்ல, குழுவில் கொஞ்சமும் பைனான்சில் மீதியுமாக 4 லட்சம் கடன் வாங்கலாமா என்று கேட்டார். தீர்மானம் எழுதுமுன் அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். உங்களில் பலருக்கும் இது உதவும்.

முதலில் மைலேஜை வாய்க்கணக்காகச் சொல்லக் கூடாது. டேங்கை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்க. நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி நிரப்புங்க. ஓடிய தூரத்தை, இரண்டாவது தடவை பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மை தெரியும். இவர் வண்டி 14 கொடுத்தது. புது வண்டி 22 கொடுக்கும் என்று வைத்தோம்.

சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக மாதம் 300 கிலோமீட்டர் ஓடுது. பழையதுக்கு 21 லிட்டருக்கு மேல், புதியதுக்கு 14-க்குள். மிச்சம் எட்டு லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 800 ரூபாய். தவணையோ, 10 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு மாதம் சுமார் 8,500! வருடம் 12,000 ரிப்பேர் செலவு மிச்சமாகும் என்று சேர்த்தாலும் 1,800-தான். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடினால்கூட பெட்ரோலில் 5,200 ரூபாய்தான் மிஞ்சும். வாடகைக்கு ஓட்டி ஈடுகட்டலாம் என்கிறவர்களுக்கு: வெள்ளை போர்டில் வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம்.

அதற்காகப் பழசைக் கட்டிக்கொண்டே இருங்க என்று சொல்லவில்லை. மாருதி 800-ல் ஏர்பேக் கிடையாது. குழந்தைகளோடு பைபாஸில் அடிக்கடி போகிற குடும்பத்துக்கு அதுவே மாற்றப் போதுமான காரணம். ஆனால் அதைப் 'பெட்ரோல் மிச்சம்' என்று சொல்லிக் கடன் கேட்க வேண்டாம்.

பழசுக்கும் செலவு உண்டு. 15 வருடம் முடிந்தால் ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பங்க்கில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருது. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களை மெக்கானிக்கிடம் காட்டிடுங்க. டயர் காற்றும் ஏர் பில்டரும் சரியாக இருந்தாலே மைலேஜ் கொஞ்சம் கூடும்.

வைத்துக்கொண்டாலும் விற்றாலும் பெயர் மாற்றம் முதல் வேலை. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் விண்ணப்பிக்கணும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆர்.சி., இன்சூரன்ஸ் எடுத்துப்போங்க. மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் எழுதி வாங்கிடுங்க. நாத்தனார், கொழுந்தனார் பிரச்சினை அங்கேதான் கிளம்பும். இன்சூரன்ஸையும் கையோடு மாற்றணும். இறந்தவர் பெயரிலேயே ஓட்டி விபத்து நடந்தால் நஷ்டஈடு வாங்குவது பெரும்பாடு.