துண்டு மறைவில் விலை

பாலக்காட்டிலிருந்து எலப்புள்ளி வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகும் சாலையின் பொள்ளாச்சி முனையில், செவ்வாயும் வியாழனும் மாட்டுச் சந்தை கூடுகிறது. மறுமுனையைத் தாண்டிப் போனால், வியாழக்கிழமைகளில் வாணியம்குளம் சந்தை. ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்த மாடுகள் பொள்ளாச்சியில் கைமாறி, பாலக்காட்டுக் கணவாய் வழியே கேரளத்துக்குள் போகின்றன. விற்க வந்தவர் தெலுங்கோ கன்னடமோ பேசுவார். வாங்க வந்தவர் மலையாளம் பேசுவார். நடுவில் நிற்கும் தரகருக்குத் தமிழ். மாட்டின் பல்லைப் பார்ப்பதும், சுழி பார்ப்பதும், மடியைத் தொட்டுப் பார்ப்பதும் சத்தத்தோடுதான் நடக்கும். விலைக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடும். தரகர் தோளில் கிடக்கும் துண்டை உருவி எதிராளியின் கைமேல் போடுவார். உள்ளே விரல்கள் விரல்களைப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். ஒன்று பேரம் படியும். இல்லையென்றால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போவார். சுற்றி நிற்பவர்களுக்கு என்ன விலை கேட்கப்பட்டது என்பதே தெரியாது.

விலையை வாயால் சொல்லாமல் கையால் சொல்லும் இந்த முறைக்கு வயது என்ன? லுடோவிகோ டி வர்த்தெமா என்ற இத்தாலியப் பயணி பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோழிக்கோட்டுக்கு வந்தார். 1510-இல் ரோமில் அச்சான அவருடைய பயண நூலில் இதே காட்சி இருக்கிறது. வணிகர்கள் வட்டமாக நிற்கிறார்கள். தரகர் ஒரு துணியைப் பிடித்து, விற்பவரின் கையைத் துணிக்குள் கொண்டுபோய் விரல்களைத் தொட்டு விலை கேட்கிறார். பிறகு வாங்குபவரிடம் போய் அதையே செய்கிறார். ஒரு டூக்கட் பொற்காசிலிருந்து லட்சம் டூக்கட் வரைக்கும் இப்படியே எண்ணிவிடுவார்கள் என்று வர்த்தெமா வியக்கிறார். அந்தத் துறைமுகத்தில் அரபியும் குஜராத்தியும் தமிழும் மலையாளமும் ஒரே கடைவீதியில் ஒலித்தன. அத்தனை பேருக்கும் பொதுவாக இருந்தவை பத்து விரல்கள்.

விரலை வைத்து லட்சம் வரை எப்படி எண்ணுவது? விடையை ழான் பாப்திஸ்த் தவெர்னியே என்ற பிரெஞ்சு ரத்தின வியாபாரி எழுதிவைத்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டாப் பக்கத்து வைரச் சுரங்கங்களுக்குப் போய் வந்தவர் அவர். முழுக் கையையும் பிடித்தால் ஆயிரம். எத்தனை முறை அழுத்தினாலும் அத்தனை ஆயிரம். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தால் 500. ஒற்றை விரல் 100. விரலை நடுக் கணுவரை பிடித்தால் 50. நுனியை மட்டும் தொட்டால் 10. ஆக, 1,760 வராகன் பொற்காசு என்று சொல்ல வேண்டுமா? கையை ஒருமுறை அழுத்தி, ஐந்து விரல் பிடித்து, தனி விரல் இரண்டு முறை, பாதி விரல் ஒன்று, நுனி ஒன்று. ஆறே தொடுகை. நம் பர்ஸில் இருந்த ஆயிரம், ஐந்நூறு, நூறு, ஐம்பது, பத்து ரூபாய் நோட்டுகளை அப்படியே ஒரு கையில் அடுக்கியதுபோல இருக்கிறது. கூடியிருப்பவர்கள் கண்ணெதிரே ஒரே பொட்டலம் வைரம் ஏழெட்டு முறை கைமாறினாலும் யாருக்கும் விலை தெரியாது என்றும் அவர் சொல்கிறார்.

தவெர்னியே சொல்லும் இன்னொரு காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. ராவல்கொண்டா சுரங்கத்து ஊரில் ஒரு பெரிய மரத்தடியில், பத்து வயதிலிருந்து பதினைந்து, பதினாறு வயதுவரை உள்ள வணிகர் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். இடுப்பின் ஒரு பக்கம் எடைக்கற்கள் உள்ள சிறு பை. மறுபக்கம் பணப்பை, சிலருடையதில் 500, 600 வராகன்கூட இருக்கும். யாராவது வைரம் கொண்டுவந்தால், பிள்ளைகளே கூடிப் பார்த்து, விலை பேசி வாங்குவார்கள். மாலையில் கற்களைத் தரம் பிரித்துப் பெரிய வணிகர்களிடம் விற்று, லாபத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். மூத்தவனுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் பங்கு. மதிப்பீடு, கூட்டு முதலீடு, பேரம், லாபப் பிரிவினை என்று ஒரு வணிகப் பள்ளியின் பாடத்திட்டம் முழுவதும் அந்த மரத்தடியில் இருந்தது.

இந்த விரல் பேரம் இந்தியாவோடு நிற்கவில்லை. பஹ்ரைன், குவைத் முத்து வணிகர்கள் துணிக்கடியில் கைகோத்து முத்துக்கு விலை பேசினார்கள். திபெத்தியப் பீடபூமியின் விளிம்பிலுள்ள ஷினிங் நகரில், கம்பளிப்புழுப் பூஞ்சை என்ற விலையுயர்ந்த மருந்துச் சரக்கை வாங்கி விற்பவர்கள் இன்றும் நீண்ட சட்டைக் கைக்குள் விரல் பிடித்துப் பேசுகிறார்கள். சீனர்களுக்கு ஒரே கையில் பத்துவரை காட்டும் முறை உண்டு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டினால் ஆறு. அதனால் அங்கே இலக்கமுறை வேறு. மறைத்துப் பேசும் முறை மட்டும் ஒன்றே.

ஆசிய நாடுகளின் வணிகப் பழக்கங்களை முதுகலை வகுப்பில் படிப்பவர்கள் எட்வர்ட் ஹால் 1976-இல் முன்வைத்த ஒரு கருத்தைக் கட்டாயம் சந்திப்பார்கள். சில பண்பாடுகளில் சொல்லப்படும் சொல்லைவிடச் சூழலே அதிகம் பேசும் என்பது அது. இதைச் ‘சூழல் செறிந்த பண்பாடு’ எனலாம். அதற்கு மாட்டுச் சந்தையைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் துண்டுக்குள் நடப்பதைப் பண்பாடு என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டால், அதிலுள்ள பொறியியலைத் தவறவிடுவோம்.

முதல் நுட்பம் இது. அமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-இல் எழுதிய ஒரு கட்டுரை, முதலில் காதில் விழும் எண் நம் பிந்தைய மதிப்பீடுகளையெல்லாம் தன் பக்கம் இழுக்கும் என்று காட்டியது. இதற்கு ‘நங்கூர விளைவு’ என்று பெயர். சந்தையில் ஒருவர் ஒரு பசுவுக்கு உரக்க இருபதாயிரம் என்று கேட்டுவிட்டால், அடுத்து வருபவர் முப்பதுக்குப் போக யோசிப்பார். துண்டு அந்த நங்கூரத்தைப் போடவே விடுவதில்லை. ஒவ்வொரு ஆளிடமும் பேரம் புதிதாகத் தொடங்குகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. குறைத்துக் கேட்டவருக்கும், கேட்ட விலைக்குக் கொடுக்க மறுத்தவருக்கும் நாலு பேர் முன்னால் தலைக்குனிவு இல்லை. அடுத்த வாரம் அதே இருவரும் மறுபடி கைகோக்கலாம்.

இரண்டாவது நுட்பம் தரகர். விற்பவர் எவ்வளவுக்குக் கீழே இறங்கமாட்டார், வாங்குபவர் எவ்வளவுக்கு மேலே ஏறமாட்டார் என்பது அவரவர் மனதுக்குள் இருக்கும் ரகசியம். ரோஜர் மையர்சனும் மார்க் சாட்டர்த்வெய்ட்டும் 1983-இல் கணிதமாகவே நிறுவிய ஒரு முடிவு உண்டு. இருவரும் தங்கள் மதிப்பை மறைத்துவைத்திருக்கும்போது, வெளியிலிருந்து பணம் போடாமல், இருவருக்கும் நன்மையான பேரம் ஒவ்வொன்றும் தவறாமல் முடியும்படி எந்த விதிமுறையையும் வகுக்க முடியாது. முடிய வேண்டிய சில பேரங்கள் முறிந்தே தீரும். தரகரும் இந்தக் கணிதத்தை வெல்ல முடியாது. ஆனால் இரண்டு ரகசியத்தையும் ஓரளவு தொட்டு உணர்ந்தவர் அவர் ஒருவரே. வாரா வாரம் அதே சந்தைக்கு வந்தாக வேண்டியவர் என்பதால், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கக்கினால் அவர் பிழைப்பு போய்விடும். அந்தப் பயமே ரகசியத்துக்குக் காவல்.

அப்படியானால் எல்லாச் சரக்கையும் துண்டுக்குள் விற்கலாமா? கூடாது. விளைபொருள் மண்டிகளில் இதே முறை ‘ஹத்தா’ என்ற பெயரில் நடந்தது; வேளாண் பொருளியல் பாடநூல்களில் அது விற்பனை முறைகளில் ஒன்றாகவே பட்டியலிடப்படுகிறது. அங்கே துணிக்குள் கைகோத்தவர்கள் கமிஷன் ஏஜென்டும் வியாபாரியும். மூட்டைக்குச் சொந்தக்காரரான விவசாயி வெளியே நின்றார். யார் எவ்வளவு கேட்டார் என்று அவருக்கே தெரியாது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வெளிப்படையான ஏலத்துக்கு மாறியது மிகச் சரி. மாட்டுச் சந்தையில் சொந்தக்காரரின் கையே துண்டுக்குள் போகலாம். அதோடு, ஒரு மாடு மாதிரி இன்னொரு மாடு இல்லை. எட்டுப் பல்லும் முளைத்த ஐந்து வயதுப் பசுக்கள் இரண்டு அருகருகே நின்றாலும், மடியும் சுழியும் குணமும் வேறு. ஊருக்குப் பொதுவான விலை என்று ஒன்று அதற்கு இருக்க முடியாது.

பொதுவான விலை இருக்கக்கூடிய சரக்கும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் தெற்கே போய் இடுக்கி எல்லையில் பாருங்கள். கேரளப் பக்கத்துப் புற்றடியிலும் தமிழ்நாட்டுப் பக்கத்துப் போடிநாயக்கனூரிலும் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் கணினித் திரையில் நடக்கிறது. மாதிரிக் காயைக் கையில் கொட்டி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, முகர்ந்து பார்க்கிறார்கள் வியாபாரிகள். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருமன் என்றால் அதற்கு மதிப்பே தனி. சலித்துத் தரம் பிரித்த காய் என்பதால், ஒரு லாட்டின் விலை அடுத்த லாட்டுக்கு உண்மையிலேயே வழிகாட்டும். விலை எல்லோரும் பார்க்கும்படி ஏறுவது தோட்டக்காரருக்கு நல்லது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது, அந்தச் செய்தி அன்றே மலையெங்கும் பரவியது. பொள்ளாச்சியில் அந்த மாதம் மிக அதிக விலைக்குப் போன மாட்டின் விலை இரண்டு மூன்று கைகளுக்கு மட்டுமே தெரியும்.