பழனியைக் கொன்றது யார்?

கேரள வாசகசாலைகளில் நாவல் விவாதம் பாத்திரங்களுக்குத் தீர்ப்புச் சொல்வதில் ஆரம்பிக்கிறது. விவாதம் சூடுபிடித்தால் கதை சொன்னவரே கூண்டில் ஏற வேண்டியிருக்கும்.

அம்பலப்புழை என்றால் பால் பாயசம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஊருக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. 1945 செப்டம்பரில் 47 வாசகசாலைகளின் பிரதிநிதிகள் அங்கே கூடித்தான் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கினார்கள். பின்னால் கேரளம் முழுக்கப் பரவிய நூலக இயக்கத்துக்கு அதுவே ஆரம்பம். அலைந்து திரிந்து ஆட்களைச் சேர்த்தவர் பி.என். பணிக்கர் என்ற பள்ளி ஆசிரியர். அவர் மறைந்த ஜூன் 19, கேரளத்தில் வாசிப்பு தினம்.

அதே அம்பலப்புழையில் வக்கீலாகத் தொழில் செய்தவர் தகழி சிவசங்கரப் பிள்ளை. 1956ல் வெளிவந்து மறு வருடமே சாகித்ய அகாதமி பரிசு வாங்கிய அவரது செம்மீன் நடக்கும் புறக்காட்டுக் கடற்கரையும் பக்கத்தில்தான். அதாவது எழுதியவர், படித்தவர்கள், எழுதப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே வட்டாரம். நாவலைப் பற்றிச் சண்டை போட இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

புத்தக விவாதம் என்றால் அங்கே பெரிய ஏற்பாடு ஒன்றும் கிடையாது. மாலையில் நாற்காலிகளை வளைத்துப் போடுகிறார்கள். ஒருவர் நாவலை அறிமுகம் செய்வார், பிறகு மற்றவர்கள் பேசுவார்கள். பதிவேட்டை நிரப்புவதற்காகவே நடத்தப்படும் கூட்டங்களும் இல்லாமல் இல்லை. அறிமுகம் செய்கிறவர் முழுக் கதையையும் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவதும் உண்டு.

செம்மீனை எடுத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் இல்லை. கதை எல்லோருக்கும் தெரியும், ராமு காரியாட்டின் 1965 படத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். மீனவப் பெண் கறுத்தம்மாவும் முஸ்லிம் வியாபாரி பரீக்குட்டியும் காதலிக்கிறார்கள். அவள் அப்பன் செம்பன்குஞ்சு, பரீக்குட்டியின் பணத்தில் தோணியும் வலையும் வாங்கிக்கொண்டு கடனைத் திருப்பாமலே இருந்துவிடுகிறான். கறுத்தம்மாவை அநாதையான பழனிக்குக் கட்டிவைக்கிறார்கள். மனைவி நெறி தவறினால் கடலுக்குப் போன புருஷன் திரும்ப மாட்டான் என்பது கதையில் வரும் கரையின் நம்பிக்கை. கடைசியில் ஒரே இரவில், கரையில் காதலர்கள் சேருகிறார்கள்; கடலில் பழனி சுறாவோடு மல்லாடி மூழ்கிப் போகிறான்.

இந்தக் கதையைப் பேச உட்கார்ந்தால் முதலில் நடப்பது பஞ்சாயத்துதான். கறுத்தம்மா செய்தது தப்பா? பரீக்குட்டி ஏமாளியா, தியாகியா? செம்பன்குஞ்சு துரோகியா, அல்லது முன்னுக்கு வரத் துடித்த ஏழையா? ருசியான பேச்சுதான். ஆனால் இதை ஒரு கல்யாண வீட்டிலும் பேசலாம். கறுத்தம்மா நம் பக்கத்து வீட்டுப் பெண்ணாகிவிடுகிறாள், நாவல் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகிறது.

கறுத்தம்மாவை விட்டுவிட்டுப் பழனியைப் பற்றிக் கேட்டால் பேச்சு திசை திரும்பும். அவன் ஏன் செத்தான்? கரையின் பதில் தயாராக இருக்கிறது: மனைவி தவறினாள், கடலம்மா கொண்டுபோனாள். ஆனால் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினால் வேறொரு காரணமும் அங்கேயே கிடக்கிறது. அவள் மீது கிளம்பிய வதந்தியால் கூட்டாளிகள் பழனியைத் தோணியில் ஏற்ற மறுக்கிறார்கள். அதனால்தான் அவன் தன்னந்தனியாகக் கடலுக்குப் போகிறான். ராத்திரியில், ஒற்றை ஆளாக, சிறு தோணியில் பெரிய சுறாவோடு மோதுகிறவன் பிழைக்க, மனைவியின் கற்பு மட்டும் போதுமா?

தகழி இரண்டையுமே எழுதியிருக்கிறார். சம்பவங்கள் ஒரு காரணத்தைச் சொல்கின்றன, அவற்றை அடுக்கிய விதம் இன்னொன்றைச் சொல்கிறது. கரையில் நடக்கும் அணைப்பையும் கடலில் நடக்கும் போராட்டத்தையும் அவர் அடுத்தடுத்து வைக்கிறார். அந்த வரிசையே ஒரு சாட்சியம் போல் வேலை செய்கிறது: ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று வாசகர் தாமாகவே முடிச்சுப் போட்டுக்கொள்கிறார். 'இது மூடநம்பிக்கை' என்று கதைசொல்லி ஓரிடத்திலும் குறுக்கிட்டுச் சொல்வதில்லை. நாவலின் பலமும் வம்பும் அந்த மௌனத்தில்தான் இருக்கின்றன.

அந்த வம்பை முதலில் கிளப்பியவர்களில் ஒருவர் கரையின் மனிதரேதான். செறியழீக்கல் கடலோரத்தைச் சேர்ந்த டாக்டர் வி.வி. வேலுக்குட்டி அரயன் மருத்துவர், பத்திரிகையாளர், மீனவர்களுக்காகப் போராடியவர். செம்மீனுக்கு மறுப்பாகத் தனி நூலே எழுதினார். தம் மக்களின் வாழ்க்கையும் நம்பிக்கையும் அதில் திரித்துக் காட்டப்பட்டிருக்கின்றன என்பது அவர் வாதம். நாடே கொண்டாடிய நாவலை, அதற்குள் எழுதப்பட்ட சமூகத்தின் ஆள் ஒருவர் எழுந்து நின்று கேள்வி கேட்டார். அவர் சொன்னதை அப்படியே ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அவர் நூலை மேஜையில் வைக்காமல் செம்மீனைப் பேசும் கூட்டம் பாதி வேலைதான் செய்கிறது.

இந்தப் பழக்கம் வந்துவிட்டால் மற்ற நாவல்களும் வேறு மாதிரி திறக்கின்றன. எம்.டி. வாசுதேவன் நாயரின் ரண்டாமூழம் (1984) மகாபாரதத்தை பீமன் வாயிலாகச் சொல்கிறது. பாஞ்சாலி விழுந்ததும் மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் மலையேற, பீமன் மட்டும் திரும்பி நிற்பதில் தொடங்குகிறது நாவல். சம்பவங்கள் வியாசருடையவை. பார்க்கிற கண்தான் வேறு. இரண்டாவது மகனாகவே வாழ்ந்து தீர்த்தவன் பேச ஆரம்பித்ததும் தர்மபுத்திரரின் நிறமே மங்கிவிடுகிறது. அப்படியானால் தர்மன் இதே கதையைச் சொன்னால்? இந்தக் கேள்வியை வைத்தே ஒரு மாலையை ஓட்டிவிடலாம்.

'நான்' என்று சொல்லும் குரலுக்கு உள்ள வசியம் பென்யாமினின் ஆடுஜீவிதத்திலும் (2008) தெரிந்தது. வளைகுடாவில் ஆட்டுப்பட்டியில் அடிமையாகக் கிடந்த ஒருவரின் அனுபவத்திலிருந்து பிறந்த நாவல் அது. நூறு பதிப்புகளைத் தாண்டியது. 2024ல் அது திரைக்கு வந்தபோது, புத்தகத்தில் உள்ள எதெல்லாம் நிஜ மனிதருக்கு நடந்தது என்று விவாதம் வெடித்தது. இது நாவல்தான் என்று ஆசிரியர் விளக்க வேண்டியதாயிற்று. அட்டையிலேயே அப்படி அச்சிட்டிருந்தது! தன் வாயால் சொல்லும் கதையைக் கேட்கும்போது யாரும் அட்டையைப் பார்ப்பதில்லை.

செம்மீனின் கடைசிப் பக்கத்திலும் ஒரு குழந்தை இருக்கிறது. கடற்கரையில் அழுதுகொண்டு நிற்கும் தங்கை பஞ்சமியின் கையில் கறுத்தம்மாவின் மகள். வளர்ந்தபின் அந்தப் பெண் தன் அப்பாவும் அம்மாவும் எப்படிச் செத்தார்கள் என்று கேட்பாள். பஞ்சமி கடலம்மாவைப் பற்றிச் சொல்வாளா, பழனியைத் தோணியில் ஏற்றாதவர்களைப் பற்றிச் சொல்வாளா என்பதைத் தகழி எழுதவில்லை.